பக்க அட்டவணைப் பிழை: தனி நிரலா, பொது நிரலில் திருத்தமா?

ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எஸ்390 கட்டமைப்பில், ஒரு செயல்முறையின் பக்க அட்டவணைக்கு (நிரல் காணும் முகவரியை உண்மையான நினைவக இடத்தோடு இணைக்கும் அட்டவணை) எத்தனை அடுக்குகள் என்பது அது ஓடும்போதுதான் முடிவாகிறது. லினக்ஸ் கெர்னலில் பூட்டு எடுக்காமல் பயனர் நிரலின் நினைவகப் பக்கங்களைப் பற்றும் ஜியுபி ஃபாஸ்ட் (get_user_pages_fast) வழிக்கு முன்பு தனி நிரல் வைத்திருந்த எஸ்390, 2019இல் பல கட்டமைப்புகள் பகிரும் பொது நிரலுக்கு மாறியது. பொது நிரலோ அட்டவணைப் பதிவை உள்மாறியில் நகலெடுத்து, அந்த நகலின் முகவரியை அடுத்த அடுக்கைத் தேடும் சார்புக்குக் கொடுத்தது. அடுக்கு மடிக்கப்பட்டிருந்தால், அதாவது அந்தச் செயல்முறைக்கு அந்த அடுக்கே இல்லையென்றால், சார்பு பெற்ற முகவரியையே திருப்பித் தரும் என்பதால், அடுத்த பதிவுக்கு நகரும்போது நிரல் அட்டவணையை விட்டு, உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக் நினைவகத்தில் கிடக்கும் தொடர்பற்ற தரவைப் படிக்கத் தொடங்கியது.

பழைய தனி நிரலுக்கே திரும்புவது ஒரு வழி. பிற கட்டமைப்புகளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பொது நிரலில் 2020இல் சேர்ந்த பக்கப் பிணைப்புக் கணக்கு (பிடித்துவைக்கப்பட்ட பக்கங்களை எண்ணுவது) போன்ற ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கே மீண்டும் எழுத வேண்டும்.

அதே ஆண்டு 5.9 பதிப்பில் தேர்ந்தது மற்ற வழி: மூலப் பதிவின் முகவரி, படித்த மதிப்பு இரண்டையும் பெறும் புதிய துணைச் சார்புகள். இயல்பான வரையறை பழையபடியே நடக்கும். எஸ்390 மட்டும் தன் வரையறையை இட்டுக்கொள்ளும். என் பார்வையில் இதுவே சரி. எனினும், பூட்டற்ற வழியில் புதிதாக எழுதுபவர் பழைய சார்பை அழைத்துவிட்டால், சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86 கட்டமைப்பில் எவ்வளவு சோதித்தாலும் (பெரும்பாலோர் அங்கேதான் சோதிக்கிறார்கள்) அந்தத் தவறு தென்படாது.