கீழமாசி வீதியில் பாசி வாங்குவோருக்கு

மதுரைக் கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மளிகையும் நாட்டு மருந்தும் சேர்த்து விற்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல் போன்றவற்றை அந்த வட்டாரத்தில் எந்தக் கடையிலும் இதே தரத்தில் வாங்கிவிடலாம் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பாசி வாங்குவதற்கென்றே இந்தக் கடையைத் தேடிப் போகலாம் என்பதுதான் என் கருத்து. காரணம் எளியது. மற்ற இடங்களில் "பாசி கொடுங்கள்" என்றால் கைக்கு எட்டும் டப்பாவைத் திறப்பார்கள், இங்கே கல்லாவில் இருக்கும் பெரியவர், "ஜிகர்தண்டாவுக்கா, பிரியாணிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுகிறார்.

அந்தக் கேள்வி அவசியமானதுதான். பள்ளித் தாவரவியல் பாடத்தில் பாசி என்பது வேர், தண்டு, இலை என்ற பிரிவு இல்லாத, பச்சையம் கொண்டு தனக்குத் தானே உணவு தயாரிக்கும் எளிய உயிரினங்களைக் குறிக்கும். ஆனால் ஒத்தக்கடைப் பக்கத்து நெல் விவசாயிக்குப் பாசி என்றால் வயல் நீரில் வளர்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசி. அதை இன்றைய அறிவியல் பாக்டீரியாக்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தெப்பக்குளப் படியில் வழுக்குவதும் பாசிதான், பருப்புக் கடையில் பயறுக்கு முன்னால் நிற்பதும் பாசிதான். இந்தக் குழப்பத்தின் நடுவே கடைக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே வாங்கியது உதவுமா, வீணாகுமா என்பது அமைகிறது.

முதலில் கல்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் இது பாசி அல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று சார்ந்து ஓருடலாக வாழும் அமைப்பு அது. உடலின் பெரும்பகுதி பூஞ்சை. இரண்டு உயிர்கள் சேர்ந்ததே லைக்கன் என்று சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வென்டனர் 1860-களில் சொன்னபோது, லைக்கன் ஆய்வில் ஊறியவர்களே அதை ஏற்க மறுத்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் மாறும் லிட்மஸ் தாளின் சாயமும் வேறொரு வகை லைக்கனிலிருந்து வந்ததுதான். இவை எதுவும் தெரியாமலேயே செட்டிநாட்டுச் சமையல் இதைக் கைக்கொண்டிருக்கிறது. பச்சையாக முகர்ந்தால் காய்ந்த மண்ணைப் போலத்தான் இருக்கும்; சூடான எண்ணெயில் விழுந்த பிறகே அதன் மணம் எழும்.

இந்தக் கடையின் கல்பாசியை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு இதழும் மேலே சாம்பல் நிறமாகவும், அடியில் கரியைப் பூசியது போலவும், ஓரங்களில் சற்றுச் சுருண்டும் இருந்தது. மரப்பட்டைத் துணுக்குகள் மிகக் குறைவு. தாளைத் தட்டியபோது உதிர்ந்த தூசி ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. இதே வீதியில் வேறொரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் பட்டையும் குச்சியுமே கணிசமாக இருந்ததால், இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப்பட்டது. எடை இல்லாத பொருள் என்பதால் 50 கிராம் வாங்கினாலே ஒரு குடும்பத்துக்கு நீண்ட நாள் வரும். கூடுதலாக வாங்கி வைத்து மணத்தை இழக்க வேண்டியதில்லை.

அடுத்தது கடற்பாசி, அதாவது அகர் அகர். தாவரவியல் கணக்கில் இதற்குத்தான் பாசி என்ற பெயர் சரியாகப் பொருந்தும், ஏனெனில் சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுப்பதே அகர். மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அதற்கு மூலப்பொருள்கள். அவற்றைக் காய்ச்சும் ஆலைகள் மதுரைப் பக்கம் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. கொதிநீரில் 85 டிகிரியை ஒட்டிக் கரையும் அகர், 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் சித்திரை வெயிலுக்கும் இளகாது. இந்தக் குணத்தால்தான் 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே, சமையலறையில் தாம் பழகிய இந்தப் பொருளை, நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய தம் கணவருக்கு, கிருமிகளை வளர்க்கும் ஊடகத்துக்காகப் பரிந்துரைத்தார். அதுவரை அவர்கள் பயன்படுத்திய ஜெலட்டின் 37 டிகிரியிலேயே உருகியதோடு, சில கிருமிகளுக்கு இரையாகவும் ஆனது. இன்றும் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் ஒரு லிட்டர் வளர்ப்பூடகத்துக்கு 15 கிராம் அளவில் சேர்ப்பது இதே அகரைத்தான், ஆனால் அதற்கென்று தனியாகத் தூய்மைப்படுத்திய தரத்தில். நான் நின்றிருந்தபோது அகர் கேட்டு வந்த கல்லூரி மாணவி ஒருவரிடம், "இது சமையலுக்கு உள்ளதும்மா, லேப்புக்கு எடுக்காதீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் பெரியவர். விற்பனையை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த வார்த்தைக்காகவே கடைக்கு ஒரு மதிப்பெண் கூட்டலாம்.

இழையாக உள்ள அகரை நான் வாங்கினேன். கொதித்த பாலில் கட்டியின்றிக் கரைந்தது, உறைந்தபின் கத்தியால் வெட்டிய துண்டுகளின் ஓரம் சிதையவில்லை, கடல்வாடையும் இல்லை. தூள் வடிவம் விரைவில் கரையும் என்றாலும், இழையில் நிறத்தையும் தூய்மையையும் கண்ணால் பார்த்து வாங்க முடிகிறது என்பதால் அதையே தேர்வு செய்வேன்.

குறைகளும் உண்டு. வாசல் தட்டில் கட்டி வைத்திருக்கும் சிறு பொட்டலங்களில் 'பாசி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. எடையும் கட்டிய நாளும் இல்லை. பெரியவர் இல்லாத மதிய நேரத்தில் கல்லாவில் நிற்கும் பையன், கேட்பவரின் தேவையை விசாரிக்காமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்து நீட்டுகிறான். போதாததற்கு, பாதாம் மரத்தின் பிசினையும் அகர் டப்பாவுக்கு ஒட்டியே வைத்திருக்கிறார்கள். பாதாம் பிசின் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறிப் பருக்குமே தவிர, அகரைப் போலக் கரைந்து உறையாது. ஜிகர்தண்டாவில் இரண்டுக்கும் இடம் இருப்பதால், ஒன்று கேட்டு மற்றொன்றைப் பெற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். பொட்டலத்தின் மேல் கல்பாசி, கடற்பாசி என்று முழுப்பெயரை எழுதி, பிசினை வேறு தட்டுக்கு மாற்றினாலே இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

அதுவரை காலை நேரத்தில் போங்கள். பொட்டலத்தைத் தவிர்த்து, டப்பாவிலிருந்து நேரடியாக நிறுத்துத் தரச் சொல்லுங்கள். விலை, உறை போட்டு விற்கும் பிராண்டுகளைவிடக் குறைவாகவே இருந்தது. அட்டை வாங்குவதில்லை என்பதால் சில்லறை கையில் இருக்கட்டும்.