காட்பாடி சனிக்கிழமை வில்லிபாரத வகுப்பு: ஆறு மாதம் மகளை அனுப்பிப் பார்த்த பிறகு

காட்பாடியில் ஒரு வீட்டு மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நடக்கும் வகுப்பு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதத்தைப் பாட்டுப் பாட்டாக எடுத்துச் சொல்லித் தருகிறார். வாசலில் போர்டு இல்லை, பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் நானும் போடவில்லை. மாதம் 300 ரூபாய். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளைக் கார்த்திகையில் சேர்த்தேன். சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள்.

நீட்டுக்குத் தயாராகிற பெண்ணுக்கு இந்தப் பழைய பாட்டெல்லாம் எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கர்ணன் வகுப்பைத்தான், அன்றைக்கு மழை என்பதால் அவளைக் கூட்டிவரப் போய் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அம்பு தைத்துச் சாகக் கிடக்கிறான் கர்ணன், கண்ணன் ஏழை அந்தணனாக வந்து கை நீட்டுகிறான். வியாசரின் சமஸ்கிருத பாரதத்தில் இந்தக் காட்சியே இல்லை, வில்லிபாரதத்தில் இருக்கிறது. “ஆவியோ நிலையின் கலங்கியது, யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்” என்று தொடங்கும் அந்த ஒரே பாட்டுக்கு முக்கால் மணி நேரம்! முதலில் ஐயா பாடிக் காட்டினார், அப்புறம் ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் படிக்க வைத்தார், அதற்குப் பிறகுதான் அர்த்தம். “பக்குவம் தன்னில் வந்திலையால்” என்ற இடத்தில், நீ வராததால் என்று ஒரு பையன் பொருள் சொன்னான். இல்லை, இங்கே ‘ஆல்’ தனிப் பொருள் இல்லாத வெறும் அசைச்சொல், ‘கொடுக்க என்னிடம் எல்லாம் இருந்த காலத்தில் நீ வரவில்லையே’ என்று ஏங்குகிறான் என்று ஐயா சொன்னதும் அறையே அமைதியாகிவிட்டது. உயிர் உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே தெரியாத நிலையில் ஒருவன், கேட்டவன் நேரத்தோடு வரவில்லையே என்றுதான் வருத்தப்படுகிறான், அதற்குப் பிறகு செய்த புண்ணியம் அத்தனையையும் தூக்கிக் கொடுக்கிறான். ஓர் அசைச்சொல்லைத் தப்பாகப் பிரித்தால் இந்த மனிதனே நமக்குக் கிடைக்காமல் போய்விடுவான். நிதானமாக, சொல் சொல்லாக நின்று படிக்கிற இந்தப் பழக்கம் டாக்டராகப் போகிற பெண்ணுக்கும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளியில் செய்யுள் என்றால் அடி பிறழாமல் எழுதணும், அருஞ்சொற்பொருள், இலக்கணக்குறிப்பு, முடிந்தது. கேள்வி கேட்க அங்கே நேரமில்லை.

இன்னொன்று, நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு இது எங்கேயோ இருக்கிற நூல் இல்லை. ஆரணிப் பக்கம் என் அம்மாவின் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவது, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளம். சின்ன வயதிலிருந்து என் மகள் பார்த்ததுதான், ஆனால் போன வருடம் வரை பாதிக் கூத்தில் தூங்கிவிடுவாள். இந்தச் சித்திரையில் பந்தலில் பிரசங்கியார் அதே ‘ஆவியோ’ பாட்டை எடுத்ததும் இவளும் கூடவே முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்த பாட்டி, “இன்னாடி, உனுக்கு எப்பிடித் தெரியும் இது?” என்று திரும்பிப் பார்த்தார். கர்ண மோட்சம் நடந்த ராத்திரி இரண்டு பேருமே விடியும் வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

குறையும் உண்டு, எனக்கு அது சின்னக் குறையாகத் தெரியவில்லை. சூதாட்டப் பகுதி நடந்தபோது, தன்னையே தோற்றவருக்கு மனைவியைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று என் மகள் கேட்டிருக்கிறாள். பாஞ்சாலி சபையில் எழுப்புகிற கேள்வியே அதுதான். ஐயா “அப்புறம் பார்க்கலாம்மா” என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார், அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கர்ணனுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தவர் பாஞ்சாலிக்கு ஒரு பத்து நிமிடமாவது கொடுத்திருக்கலாம். நேரில் சொன்னேன், தலையாட்டினார், மறுசுற்றில் செய்கிறேன் என்றார்.

ஜெராக்ஸ் தாள் எழுத்து ரொம்பப் பொடி. ஒரே ஃபேன், வேலூர் வெயிலுக்குப் போதாது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தேர்ந்தெடுத்தவைதான் நடக்கின்றன, முழு நூலும் வேண்டும் என்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். வடசொல் நிறைய வருவதால் முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மார்ச் பரீட்சைக்காக இவள் இரண்டு வாரம் போகவில்லை, விட்ட பாட்டுகளை அவரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஆனியில் நூலின் முதல் பகுதியான ஆதி பருவத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். முதல் சனிக்கிழமை கட்டணம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம், பெற்றோரும் உட்காரலாம். சூதாட்டம் வருகிற சபா பருவம் நடக்கும் வாரங்களில் நான் கட்டாயம் போய் உட்காரப் போகிறேன்.