கல்லூரி மனநல ஆலோசனை மையம்: அறை நன்று, வாசல் சரியில்லை

கோவை அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் மனநல ஆலோசனை மையத்துக்கு, அரியர் நான்காகி உறக்கம் கெட்டிருந்த மூன்றாம் ஆண்டில், ஒரு செமஸ்டர் முழுவதும் சென்று வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆலோசகரிடம் எனக்குக் குறையில்லை. முதல் நாள், "உக்காரு கண்ணு, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார். சோமனூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவன் ஆங்கில வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூசி உட்கார்ந்திருப்பதையும், கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற மாதங்களிலும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய அப்பாவிடம் அரியரைச் சொல்ல முடியாமல் தவிப்பதையும் அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறிவுரை சொல்லவில்லை, எந்தத் தாளை முதலில் எழுதுவது, வீட்டில் யாரிடம் முதலில் பேசுவது என்ற அளவிலேயே பேச்சு இருந்தது. உறக்கமின்மை நீடித்தபோது, தயங்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

குறையெல்லாம் கல்லூரி செய்திருக்கும் ஏற்பாட்டில்தான். மையம் இருப்பது முதல்வர் அறைக்கும் கட்டணக் கவுன்ட்டருக்கும் நடுவே. வகுப்பு நேரத்தில் செல்ல, காரணம் எழுதிய படிவத்தில் மென்டரும் (மாணவரைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்) துறைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் 'தலைவலி' என்றே எழுதினேன். சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. ஆனால் விவரம் வெளியே வராவிட்டாலும், போனவன் யார் என்பது மாலைக்குள் விடுதிக்குத் தெரிந்துவிடுகிறது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் ஓர் ஆலோசகரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. 'ஏனும்' என்ற சொல்லை இங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பல ஆயிரம் பேருக்கு ஒருவரே இருப்பதால், தேர்வுக் காலத்தில் முறை வர இரண்டு வாரம் ஆகிறது. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசக்கூடிய அரசின் மனநல உதவிச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416, விடுதிப் படிக்கட்டில் இருக்க வேண்டியது, மாலையில் பூட்டப்படும் அந்த அறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.

செல்ல நினைப்பவர்கள் நான்கு மணிக்குப் பின் செல்லலாம். படிவம் தேவையில்லை, கட்டணக் கவுன்ட்டரும் அப்போது மூடியிருக்கும்.