படகு எஞ்சினில் புது ஆல்டர்நேட்டர்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஊட்டியில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. ஜீப், பிக்கப், தேயிலை கவாத்து மெஷின் எல்லாம் வரும். அதோடு மலை மேல் ஒரு ஏரியில் ஓடும் டீசல் படகு ஒன்றின் எஞ்சின் வேலையும் பல வருடமாக என் கையில்தான் இருக்கிறது. மூன்று சிலிண்டர், 12 வோல்ட், ஃபைபர் உடம்பு. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரை அந்தப் படகுக்குப் புதிதாக மாட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. எஞ்சின் ஏறக்குறைய 1,300 மணி நேரம் ஓடியிருக்கிறது. மாட்டிய முதல் வாரமே பேட்டரி இறங்கியது. அதைத் தேடிப் பிடித்த கதையையும், பிறகு இத்தனை நாள் அது எப்படி உழைத்தது என்பதையும் எழுதுகிறேன். புது ஆல்டர்நேட்டர் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று தவிக்கும் யாருக்காவது உதவும்.

பழையது 35 ஆம்பியர். பேரிங் சத்தம் போட்டது, பிரஷ்ஷும் தேய்ந்து போயிருந்தது. மே மாத சீசன் முடிந்ததும் கழற்றிவிட்டு 65 ஆம்பியர் ஒன்றை மாட்டினேன். எஞ்சின் வெளியே வந்த கையோடு பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நன்றாகப் பெயின்ட் அடித்தேன். அந்தப் பெயின்ட் என்ன செய்தது என்பது பிறகு வருகிறது.

ஸ்டார்ட் செய்ததும், சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு பல்பு அணைந்தது. ஆல்டர்நேட்டர் முனையில் மீட்டர் வைத்தேன், 14.3 வோல்ட். திருப்தியாக வீட்டுக்குப் போனேன். நான்காம் நாள் காலை படகு ஓட்டும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, செல்ஃப் அடிக்கவே மாட்டேங்குது. டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது." ஜூன் மாதம், மழையும் மூடுபனியும். கரையில் நின்றதால் பரவாயில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏரி நடுவில் எஞ்சினை அணைத்த பிறகு இப்படி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அங்கே நின்ற ஒருவர், எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார், ஓடினால் டைனமோ நல்லது என்றார். இதை மட்டும் செய்யாதீர்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்நேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், அந்த கரண்ட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் எகிறும். ஏசியை டிசியாக மாற்றும் டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அங்கேயே போய்விடும்.

எனக்கு முதலில் ரெகுலேட்டர் மேல் சந்தேகம், அப்புறம் பேட்டரி மேல். வேறு நல்ல பேட்டரி வைத்துப் பார்த்தேன். அதுவும் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, சர்ச் லைட்டையும் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்பையும் போட்டுவிட்டு, மீட்டரை இந்த முறை பேட்டரி மேலேயே வைத்தேன். ஆல்டர்நேட்டரில் 14.3. பேட்டரியில் 13.2. வழியில் 1.1 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க மீட்டர் ஒன்றே போதும். சிவப்பு முனையை ஆல்டர்நேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.75. அடுத்து ஆல்டர்நேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே வைத்தேன். 0.35. இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிவிட்டது. லோடு போட்டிருக்கும்போதே அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் இழப்பு தெரியவே தெரியாது. பிளஸ் பக்கம் 0.3க்கு மேலும் எர்த், அதாவது மைனஸ் பக்கம் 0.2க்கு மேலும் காட்டினால் நான் இப்போதெல்லாம் ஆல்டர்நேட்டரைத் தொடுவதில்லை, வயரைத்தான் தேடுகிறேன்.

பிளஸ் பக்கம் நடந்தது இதுதான். பழைய வயரிங்கில் சார்ஜிங் வயர் நேராக பேட்டரிக்குப் போகவில்லை. டிரைவர் முன்னால் கரண்ட் அளவைக் காட்டும் ஆம்மீட்டர் வரை போய், அதன் வழியாகத் திரும்பி வருகிறது. போக வர 8 மீட்டர், 6 சதுர மில்லிமீட்டர் வயர். இந்தத் தடிமனில் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 3 மில்லி ஓம் தடை. 8 மீட்டருக்கு 24 மில்லி ஓம். கிளாம்ப் மீட்டரில் ஓடிய கரண்ட் 25 ஆம்பியர். பெருக்கினால் வயரிலேயே 0.6 வோல்ட் போகிறது. மீதி, வயர் முனையில் பச்சை பிடித்த இரண்டு லக்குகளில். கணக்கு அளவோடு இவ்வளவு ஒத்துவந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

எர்த் பக்கம் குற்றவாளி நான் அடித்த பெயின்ட். ஜீப்பாக இருந்தால் சேஸி முழுக்க இரும்பு, எர்த்துக்கு நாலு வழி இருக்கும். ஃபைபர் படகில் எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் கரண்ட் கடத்தாத பொருள். ஆல்டர்நேட்டர் உடம்பிலிருந்து பிராக்கெட், பிளாக், அங்கிருந்து ஒரே ஒரு எர்த் கேபிள், அவ்வளவுதான் வழி. அதன் நடுவே பெயின்ட் படலம். எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்துவிட்டு, ஆல்டர்நேட்டர் உடம்பிலிருந்து நேராக பேட்டரி மைனஸுக்குத் தனி கேபிளும் போட்டேன். பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரிக்கு 2 மீட்டரில் 16 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ், ஏனென்றால் அந்த வயரில் எப்போதும் பேட்டரியின் உயிர் இருக்கிறது. எங்காவது உரசி எர்த் ஆனால் தீதான். ஆம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தேன். மறுபடி அளந்தபோது பிளஸ் பக்கம் 0.08, எர்த் பக்கம் 0.04. பேட்டரியில் 14.2.

பழைய ஆல்டர்நேட்டர் இருந்தபோது பேட்டரி ஒன்றரை வருடத்துக்கு மேல் உழைத்ததில்லை. ஊட்டிக் குளிர்தான் காரணம் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். இப்போது யோசித்தால், அத்தனை வருடமும் அவை முழு சார்ஜ் ஏறாமலே இருந்து, தகட்டில் சல்ஃபேட் படிந்து போயிருக்கின்றன. அந்த வயருக்காக எத்தனை பேட்டரிக்குக் காசு கொடுத்தோம் என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் மாதம் இன்னொரு தொல்லை. எஞ்சின் அதிர்வு அதிகமாகிவிட்டது, வோல்ட் மீட்டரும் மெதுவாக ஓடும்போது 12.5க்கு மேல் வருவதில்லை. இதில் இரண்டு விஷயம் கலந்திருந்தது. ஆர்பிஎம் மீட்டருக்கு சிக்னல் ஆல்டர்நேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து வருகிறது. பழைய புல்லி 80 மில்லிமீட்டர், புதியது 68. புல்லி சின்னதானால் ஆல்டர்நேட்டர் வேகமாகச் சுற்றும், மீட்டரும் கூட்டித்தான் காட்டும். உண்மையான 800ஐ 940 என்று காட்டியது. ஐடில், அதாவது எஞ்சின் சும்மா ஓடும் வேகம், அதிகம் என்று நினைத்து அண்ணன் அதை மீட்டரில் 800 வரும்வரை குறைத்துவிட்டார். எஞ்சின் உண்மையில் 680இல் தடதடத்துக்கொண்டிருந்தது. லேசர் டாக்கோமீட்டரை கிராங்க் புல்லியில் காட்டி ஐடிலைச் சரிசெய்தேன், ஆர்பிஎம் மீட்டரின் பின்னால் இருக்கும் திருகியில் அளவையும் மாற்றினேன்.

இரண்டாவது அந்தச் சிவப்பு பல்பு. நடுவில் பல்பு போய், யாரோ எல்இடி மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக எரிகிறது. ஆனால் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்நேட்டரின் டி பிளஸ் முனைக்குள் போய், உள்ளே சுற்றும் ரோட்டரில் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. 3 வாட் பல்பில் கால் ஆம்பியர் போகும். எல்இடியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூடப் போகாது. அதனால் எஞ்சினை ஒருமுறை வேகமாக முறுக்கினால்தான் சார்ஜ் தொடங்கியது. எங்கள் படகோ மெதுவாகக் கிளம்பி மெதுவாகவே சுற்றி வருவது. பழைய மாதிரி 3 வாட் பல்பே போட்டேன். எல்இடிதான் வேண்டும் என்றால் பக்கத்தில் 50 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன புல்லியில் பெல்ட்டுக்குப் பிடிமானம் குறைவு, ஆல்டர்நேட்டரும் பெரிது. மழைக் காலையில் கீச்சென்று கத்தியது, சுற்றிலும் கறுப்புத் தூள். பெல்ட் மாற்றி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் இறங்கும்படி இறுக்கினேன். புது பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும், மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

உறைபனிக் காலத்தை இரண்டு முறை கடந்துவிட்டது. 5 டிகிரி குளிரில் பேட்டரி முழுதாக ஏற, 25 டிகிரியில் தேவைப்படுவதைவிட ஏறக்குறைய 0.4 வோல்ட் கூடுதலாகக் கேட்கும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வெப்பத்துக்கு ஏற்ப கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலும், அது பார்ப்பது தன் சூட்டைத்தானே தவிர பேட்டரியின் குளிரை அல்ல. ஆகவே டிசம்பர், ஜனவரியில் வாரம் ஒரு இரவு கரையில் வெளி சார்ஜர் போட்டுவிடுகிறேன். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.260க்குக் கீழே வந்ததில்லை. முந்தைய கணக்குப்படி இந்நேரம் செத்திருக்க வேண்டிய பேட்டரி, இன்னும் முதல் உதையிலேயே எஞ்சினைச் சுற்றுகிறது.

ஆல்டர்நேட்டரிடம் எனக்குக் குறை ஒன்றுதான். பி பிளஸ் போல்ட்டின் மேல் வந்த ரப்பர் மூடி ஒரு வருடத்தில் வெடித்துவிட்டது. ஈரம் இறங்கும் இடத்தில் அது இல்லாமல் முடியாது, வேறு மூடி வாங்கிப் போட்டேன். ஒன்றரை வருடத்தில் திறந்து பார்த்தபோது பிரஷ் பாதிக்கு மேல் மீதி இருந்தது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி அளவில் பேட்டரி மேல் வைத்து டயோடையும் பார்த்தேன். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு சந்தேகம்; இங்கே 0.1 கூட வரவில்லை. பேரிங் சத்தம் இதுவரை இல்லை.

எஞ்சின் மூடிக்கு உள்பக்கம் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு வோல்ட், முதல் சுற்று முடிந்ததும் ஒரு வோல்ட் என்று அண்ணன் எழுதி வைப்பார். இன்று காலை 12.6, 14.2.