எடைமேடையில் ஆறு வருஷம்: லினக்ஸ் டெர்மினல் எனக்குக் கற்றுக்கொடுத்தது

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில் உள்ள ஒரு எடைமேடையில் ஆறு வருஷமாக லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிதான் ஓடுகிறது. நெல், செங்கல், தோல் என்று எந்த லோடு ஏறினாலும், எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எடை வரும். லினக்ஸுக்கு அந்தக் கேபிள் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற டெர்மினல், அதாவது ஆள் தட்டி எழுதுகிற முனையம் மாதிரி.

முதல் வாரம் திணறிப்போனேன். இண்டிகேட்டரில் 12,340 கிலோ என்று எரிகிறது. வருவதை அப்படியே திரையில் காட்டும் 'கேட்' கட்டளை கொடுத்தால் திரை காலி. கேபிளை மாற்றினேன். 9600 பாட் என்ற கேபிள் வேகமும் சரிதான். சீரியல் கேபிளைப் படிக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவிலும் என் பெயர் இருந்தது. வெளியே லாரி வரிசை. "அண்ணா, சீட்டு போடுங்க, வெயில் தாங்கல" என்று டிரைவர்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கேபிளுக்கும் நிரலுக்கும் நடுவே, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், லைன் டிசிப்ளின் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எதிர்முனையில் யாரோ ஒருவர் கீபோர்டில் தட்டுவதாகவே அதற்கு நினைப்பு. அதனால் என்டர் வரும்வரை எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும். என் இண்டிகேட்டரோ என்டரே அனுப்பாது. எடைக்கு முன்னால் தொடக்க அடையாளமாக 2 என்ற பைட், முடிவு அடையாளமாக 3 என்ற பைட், அவ்வளவுதான். கீபோர்டில் நிரலை நிறுத்த அழுத்தும் கண்ட்ரோல் சி அனுப்புவதும் அதே 3தான்! அதைப் பார்த்ததும், அதுவரை சேர்த்த எடையைக் கர்னலே துடைத்துவிடும். எடை வந்துகொண்டேதான் இருந்தது, ஒவ்வொன்றாக அழிந்துகொண்டும் இருந்தது. போதாததற்கு எக்கோ வேறு, வந்ததை இண்டிகேட்டருக்கே திருப்பி அனுப்பும்.

டெர்மினல் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில், வருவதைத் தொடாமல் அப்படியே கொடு என்று சொல்லும் 'ரா' கொடுத்ததும் எடை கொட்டியது. அன்று எனக்கு வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் 'ரா' மட்டும் எக்கோவை நிறுத்தாது. 'மைனஸ் எக்கோ' தனியாகச் சேர்க்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால் இரண்டும் போய்விடும் என்பதால் தொடக்க ஸ்கிரிப்டிலேயே எழுதிவைத்தேன். கேபிளைப் பிடுங்கி மாட்டினால் சில நேரம் டிடிஒய்யுஎஸ்பி1 ஆகிவிடும். அதற்கு, கேபிளை அதன் அடையாளத்தை வைத்துக் குறிக்கும் சீரியல் பை-ஐடி பாதையே நம்பகமானது.

அப்புறம் பெரிதாகத் தொந்தரவு இல்லை. ஒரே ஒரு ராத்திரி, "அண்ணா, எடையே மாறல" என்று தம்பி போன் செய்தான். கை தவறி கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருக்கிறான். அது டெர்மினலில் எழுதுவதை நிறுத்திவைக்கும், அதனால் திரைக்கு எழுத முடியாமல் நிரலே நின்றுவிட்டது. கண்ட்ரோல் க்யூ அழுத்தச் சொன்னேன், ஓடியது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த டெர்மினலில் இந்த நிறுத்தும் வசதியையே அணைக்கும் 'மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' போட்டேன்.