ஒரே தர வாசலா, மலையின் இரு சரிவா?

சீனாவில் வரன் பேச்சில் அடிக்கடி வருவது 'மென் தாங் ஹூ துய்'. இரு வீட்டு வாசலும் ஒரே தரமாக இருக்கவேண்டும் என்று அர்த்தம். சொத்து, படிப்பு, குடும்பம் ஒத்துப்போனால் சச்சரவு குறையும். பெற்றோருக்கு இது நிம்மதி.

யின்–யாங், அதாவது ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரு எதிர்நிலைகள் என்ற சீனச் சிந்தனை, பொருத்தத்தைப் பார்க்கும் வேறு வழி. யின் என்பது ஆதியில் மலையின் நிழல் சரிவு, யாங் வெயில் சரிவு. பொழுது நகர்ந்தால் நிழலும் இடம் மாறும். அதனால் 'அவன் யாங், அவள் யின்' என்று முத்திரை குத்துவது தவறு. ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் தாங்குவதுதான் பொருத்தம்; எனக்கு இதுவே பெரிது.

பழைய சீனக் குறி நூலான யி ஜிங்கில் ஆறு கோடுகளால் ஆன குறிகள் உண்டு. அதில் வானம் மேலே, பூமி கீழே இருக்கும் 12ஆம் குறி தேக்கம். தலைகீழான 11ஆம் குறிதான் அமைதி: பூமி இறங்குகிறது, வானம் ஏறுகிறது, நடுவில் சந்திக்கின்றன.