ஆஸ்திரேலியா போன அமெரிக்க கார்: ஃபால்கனா வேலியன்டா?

1960 வாக்குல ஆஸ்திரேலியாவுல கார்னாலே உள்ளூர் பிராண்டான ஹோல்டன்தான், அதை அசைக்கணும்னு அடுத்தடுத்து இறங்குன அமெரிக்க டிசைன் ரெண்டு, ஃபோர்டு ஃபால்கனும் கிரைஸ்லர் வேலியன்டும். முழு காரா இறக்குமதி பண்ணா வரி தாங்காது, அதனால அங்கேயே ஸ்டீயரிங்க வலது பக்கம் வெச்சு அசெம்பிள் பண்ணாங்க.

முதல்ல வந்தது ஃபால்கன், 1960 செப்டம்பர், மெல்போர்ன் பக்கத்துல பிராட்மெடோஸ் ஃபேக்டரி. உண்மையில அந்த ஃபேக்டரில இங்கிலாந்து ஃபோர்டோட ஸெஃபிர் காரத்தான் செய்யறதா இருந்தாங்க, அமெரிக்காவுல ஃபோர்டோட தலைமையிடமான டியர்பார்ன் போன ஆஸ்திரேலிய ஆளுங்க ஃபால்கனைப் பாத்ததும் பிளானையே மாத்திட்டாங்க. பாக்க அவ்ளோ அழகு, தாழ்வா, நீளமா. ஆனா அமெரிக்க ஹைவேக்குன்னு செஞ்ச முன்பக்க சஸ்பென்ஷன் அங்க இருக்கற மண் ரோட்டுல அடி வாங்கி, சக்கரத்தை சஸ்பென்ஷனோட இணைக்கற பால் ஜாயின்ட் சீக்கிரமே போக ஆரம்பிச்சுது, பேரும் கெட்டுப்போச்சு. கம்பெனி அதை ஆளுக்கு ஏத்த மாதிரி தச்சிருக்கணும், ரெடிமேடா மாட்டிவிட்டதுதான் தப்புன்னு எனக்குத் தோணுது.

வேலியன்ட் 1962 ஜனவரில வந்துச்சு, அடிலெய்டுல அசெம்பிளி. முதல் ஆர் சீரீஸ் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான். இதுல எனக்கு உயிரே அந்த ஸ்லான்ட் சிக்ஸ்ங்கற ஆறு சிலிண்டர் எஞ்சின்தான், 30 டிகிரி சாய்ச்சு வெச்ச 225 கியூபிக் இன்ச், 145 குதிரைசக்தி. ஃபால்கன் ஆரம்பத்துல கொடுத்தது 144 கியூபிக் இன்ச்சும் 90 குதிரைசக்தியும், ஹோல்டன்ல வெறும் 75தான், அப்போ வேலியன்ட் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! முன்பக்க சஸ்பென்ஷன்ல காயில் ஸ்பிரிங் இல்ல, முறுங்கி ஸ்பிரிங் வேலை பாக்கற இரும்புக் கம்பி, டார்ஷன் பார். ஆட்டோமேட்டிக் வாங்குனா கியருக்கு பட்டன அமுக்குனா போதும்.

போட்டில மூணாவதா போர்ட் மெல்போர்ன்ல அசெம்பிள் ஆன இன்னொரு அமெரிக்க கார் ராம்ப்ளரும் உண்டு, நல்ல கார்தான், ஆனா இவங்க ரெண்டு பேர் அளவுக்கு விக்கல.

1962ல கையில காசு இருந்திருந்தா கண்ண மூடிட்டு வேலியன்ட்தான் எடுத்திருப்பேன். ஆனா ஃபால்கனை அத்தோட தள்ளிடாதீங்க, ஒவ்வொரு மாடல்லயும் கீழ்பாகத்தை பலப்படுத்திட்டே வந்து, 1965ல எக்ஸ்பி மாடல் கார்களை ஃபோர்டோட யூ யாங்ஸ் டெஸ்ட் டிராக்ல ராப்பகலா ஓட்டி எல்லாம் சேத்து 70,000 மைல் முடிச்சாங்க, சராசரி மணிக்கு 70 மைலுக்கு மேல, அதுவும் ஊரே பாக்க. அந்த வருஷ வீல்ஸ் பத்திரிகையோட சிறந்த கார் விருதும் அதுக்குத்தான். அதனால இன்னைக்கு ரெஸ்டோர் பண்ண வாங்கறவங்க எக்ஸ்பி கிடைச்சா விடாதீங்க, முதல் எக்ஸ்கே மாடல்னா முன் சக்கரத்தை தூக்கி ஆட்டிப் பாத்துட்டு பேசுங்க.

வேலியன்ட் 1981ல நின்னுபோச்சு. ஃபால்கன் பேரு அமெரிக்காவுல 1970லயே முடிஞ்சும் பிராட்மெடோஸ்ல 2016 அக்டோபர் வரைக்கும் ஓடுச்சு.